தலைமாட்டு ஐஸ்

சேசு மரி சூசை துணை

மேற்குத் தாம்பரம்
10-11-91, ஞாயிறு

அன்பு மகன் சந்தியாகுவுக்கு உன் அம்மா ஞானம்மாள் காலைப் பூசைக்குப் போய் வந்து, கஞ்சி குடித்து, சற்றுக் கண்ணயர்ந்து எழுந்து இரண்டரை மணிக்கு எழுத உட்கார்ந்தது. இங்கே என் மூட்டுவலியும் மழையும் கொசுவும் நல்ல சுகம், அவற்றோடு நானும் இருக்கிறேன். மஸ்கட்டில் நீயும் மருமகளும் பேத்தியும் மாதா காவலில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போன மாதம் நீ அனுப்பிய போட்டோ வந்தது, பேத்தி இளைத்திருக்கிறாள், நெற்றி அப்படியே உன் அப்பா நெற்றி, முடியை அவ்வளவு ஒட்ட வெட்டாதீர்கள். முடிச்சூர் ரோட்டில் மிச்சமிருந்த வயலிலும் பிளாட் போட்டுக் கல் நட்டுவிட்டார்கள், அங்கிருந்த தவளை எல்லாம் நம் கிணற்றடிக்கு வந்துவிட்டன. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாள் நன்றாக இருக்கிறாள், தினம் மூன்று வேளை வந்து எதையாவது நம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்துப் போகிறாள், எண்பத்தாறாம் வருஷம் பொங்கலுக்கு வாங்கிப்போன இட்லித் தட்டை இன்னும் தரவில்லை, நானும் கேட்கவில்லை, கேட்காமல் எத்தனை வருஷம் வைத்திருக்கிறாள் என்று பார்க்கிறேன்.

இப்போது ஒரு சங்கதி எழுதப்போகிறேன். என்மேல் உனக்குக் கோபம் வரும், வரட்டும், கடைசிவரை படித்துவிட்டுக் கோபப்படு. நம் ஃப்ரிட்ஜ் சங்கதி இது. உன் அப்பா சங்கதியும் உன் அத்தை அருள்மேரி சங்கதியும் அதற்குள்ளேயே இருக்கிறது.

நீ முதல் லீவில் வந்தபோது வாங்கி வைத்த அந்த ஃப்ரிட்ஜுக்கு அப்பா இருந்தவரை மாதத்தின் முதல் சனிக்கிழமை குளியல் உண்டு, உனக்கு ஞாபகம் இருக்கும். ரயில்வே ஷெட்டில் எலக்ட்ரிக் ரயிலைப் பார்த்துக்கொண்ட மாதிரியே வீட்டில் இதையும் பார்த்துக்கொண்டார். பிளக்கைப் பிடுங்கி, சாமான்களை எடுத்து ஈரச் சாக்கால் மூடி, தரையில் பழைய வேட்டியை விரித்து, மேலே ஐஸ் பெட்டிக்குள் ஒரு கிண்ணம் வெந்நீரை வைத்துக் கதவைத் திறந்து போட்டுவிட்டு எதிரே ஸ்டூலில் உட்காருவார். நான் அவசரப்பட்டுத் தோசைக் கரண்டியை எடுத்தால் கையைத் தட்டிவிடுவார். "இரும்பு படக்கூடாது ஞானம், உள்ள ட்யூப் ஓட்டையானா கேஸ் போயிடும், அதுவா விடறவரைக்கும் உக்காந்திரு" என்பார். பிறகு ஆப்பசோடா கரைத்த தண்ணீரால் துடைத்து, கதவு ரப்பரின் மடிப்புக்குள் துணியை விட்டு அழுக்கெடுத்து, நன்றாக உலர்ந்தபின்தான் பிளக்கைச் செருகுவார். அவர் போனபின் நான் அந்த வேலையைத் தொடவில்லை. அவர் வேலையை நான் செய்தால் அவர் இல்லை என்று நானே கையெழுத்துப் போட்டது போல ஆகிவிடும் என்று இருந்துவிட்டேன். மூன்றரை வருஷம் ஐஸ் தன்பாட்டுக்கு வளர்ந்தது. பெட்டி முழுக்க அடைத்துக்கொண்டு, அதன் சின்னக் கதவை வெளியே தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டு வரைக்கும் வழிந்து நின்றது.

இந்த ஆகஸ்டிலிருந்து அதன் போக்கு சரியில்லை. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும், சாயங்காலம் மூன்றே முக்காலுக்கு ஒரு உலுக்கு உலுக்கி நின்றுவிடும். விளக்கு எரியும், ஃபேன் சுற்றும், இது மட்டும் நிற்கும். நிற்கும்போது ஒரு சத்தம் வரும், அப்பா காலையில் எழுந்து செருமுவாரே அந்தச் சத்தம். பக்கவாட்டில் உள்ளங்கையால் ஒரு தட்டுத் தட்டினால் மறுபடி ஓடும். நான் யாரிடமும் சொல்லவில்லை. பொன்னியம்மாள்தான் ஒருநாள் பால் சொம்பைக் கையில் பிடித்துக்கொண்டு, "இன்னாக்கா உங்க ஃப்ரிட்ஜில வெச்ச பாலு மெழுகுவத்தி வாசன வருது, கோயில்ல இருந்து எதுனா கொண்டாந்து உள்ள வெச்சிகிறியா" என்று கேட்டாள். உன் பாத்திரத்தைக் கழுவிப் பார் என்று சொல்லி அனுப்பினேன். அவள் போனபின் மோந்து பார்த்தேன். மெழுகுவத்தி மட்டும் இல்லை, ரோஜாப்பூவும் வாடகை பெஞ்சின் மர வாசனையும் வந்தது. அந்த வாசனை எந்த நாளுடையது என்று எனக்குத் தெரியும்.

அந்த நாளை நான் உனக்குச் சொல்லிச் சொல்லி உன் மனதில் ஆணி அடித்து வைத்திருக்கிறேன். மறுபடி ஒருமுறை எழுதுகிறேன், ஏனென்றால் நான் சொன்னதில் ஒன்று தப்பு. எண்பத்தெட்டு மே பதினேழு, செவ்வாய்க்கிழமை விடியற்காலை அப்பா போனார். புதன் சாயங்காலம் ஏழு மணிக்குள் வந்துவிடுவேன், அதுவரை வைத்திருங்கள் என்று உன் தந்தி வந்தது. அத்தை வீட்டுக்காரர் பல்லாவரத்திலிருந்து மரத்தூளும் சாக்குமாக ஐஸ் பார் ஏற்றி வந்தார், பெஞ்சில் அப்பாவைப் படுக்கவைத்துச் சுற்றிலும் அடுக்கினோம், தலைமாட்டில் பெரிய துண்டாக ஒன்று. அன்றைக்கு யார் யார் என்ன சேலையில் வந்தார்கள், யார் இரண்டு தடவை காபி வாங்கிக் குடித்தார்கள், யார் அழுவதுபோல் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு ஊர்க்கதை பேசினார்கள், எல்லாம் எனக்கு இன்னும் அப்படியே இருக்கிறது. புதன் பகல் மூன்று மணிக்கு அருள்மேரி எழுந்து, "அண்ணன் முகம் மாறுது, தலைமாட்டுல ஐஸே இல்ல, இனி தாங்காது, எடுத்துடலாம்" என்று சொன்னாள். பங்குச் சாமியாருக்கு ஆள் போயிற்று. மூன்றே முக்காலுக்கு அப்பாவை வைத்த பெட்டி வாசலைத் தாண்டியது. ஏழு மணிக்கு நீ டாக்ஸியில் வந்து இறங்கி, காலி பெஞ்சையும் தரை ஈரத்தையும் பார்த்து, யார் எடுக்கச் சொன்னது என்று கேட்டாய். நான் வாயைத் திறக்காமல் கையை மட்டும் நீட்டி அவளைக் காட்டினேன். எனக்கு மஞ்சள்காமாலை வந்த வருஷம் உன்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ப் பள்ளிக்கூடத்தில் விட்டவள் அவள். இனி உன் முகத்தில் விழிக்க மாட்டேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் பத்தாம் நாள் ப்ளேன் ஏறினாய். அதன்பின் இந்த ஊருக்கே வரவில்லை. அவள் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. அதே நாளில் என் அம்மா வீட்டுச் சீதனமான, ஞா என்று பேர் வெட்டிய எவர்சில்வர் குண்டானும் காணாமல் போயிற்று. அதையும் அவள்தான் எடுத்துப் போனாள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். அவள் பெண் கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தது, அதன்மேல் மிளகாய் காயவைத்தேன்.

போன மாதக் கடைசியில் ஐஸ் பெட்டிக் கதவு அடியோடு கழன்று கையில் வந்துவிட்டது. ஸ்டேஷன் பக்கம் ஃப்ரிட்ஜ் ரிப்பேர் செய்யும் அசரியாவைக் கூட்டிவந்தேன். அவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னா ஆயா, ஊட்டியைக் கொண்டாந்து உள்ள வெச்சிகினு கீற, ஒரு நாள் பூரா ஆப் பண்ணிப் போடு, எல்லாம் எறங்கட்டும், அப்பால கதவு மாட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான். முப்பத்தொன்றாம் தேதி வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்பாவின் வேட்டி ஒன்றை விரித்தேன், வெந்நீர்க் கிண்ணத்தை வைத்தேன், அவர் ஸ்டூலிலேயே உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் இல்லை. பிறகு சொட்டுச் சொட்டாக விழுந்தது. செபமாலை சொல்லிக்கொண்டே இருந்தேன், நான் ஒரு மணி உருட்டினால் ஒரு சொட்டு விழுந்தது. நான் நிறுத்திப் பார்த்தேன், அதுவும் நின்றது. மறுபடி ஆரம்பித்தேன், விழுந்தது. பகல் பன்னிரண்டுக்குப் பெரிய பாளமாக ஒன்று பெயர்ந்து வேட்டிமேல் விழுந்தது, அதன் பின்னால் பளபளவென்று ஒரு விளிம்பு தெரிந்தது. இரும்பு படக்கூடாது என்று காத்திருந்தேன். ஒரு மணிக்கு அது தானாக அசைந்து கொடுத்தது, இரண்டு கையாலும் இழுத்து எடுத்தேன். என் குண்டான். ஞா என்ற எழுத்து என் பக்கம் பார்த்து இருந்தது.

குண்டானுக்குள் ஒரு ஐஸ் துண்டு, விளிம்புக்கு மேலே எழும்பி நின்றது. மற்றதெல்லாம் வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி இருந்த ஐஸ், இது கண்ணாடி மாதிரி இருந்தது. உள்ளே மரத்தூள் நாலைந்து, ஒரு ரோஜா இதழ், அன்றைக்குப் பறித்த நிறத்தில். ஒரு முடி, அடி வெள்ளை, நுனி கறுப்பு. அப்பா டை அடிப்பதை அந்த மாதம் தள்ளிப்போட்டார், உனக்குத் தெரியாது. துண்டின் மேல்பக்கம் ஒரு பள்ளம் இருந்தது. தலையணையில் படுத்து எழுந்தால் இருக்குமே, அப்படி.

அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது, சந்தியாகு. இத்தனையும் ஞாபகம் வைத்திருந்த எனக்கு அது ஒன்று மட்டும் எங்கேயோ போயிருந்தது. அந்தப் புதன்கிழமை பகல் எல்லோரும் வாசலில் பந்தலடியில் இருந்தார்கள், உள்ளே நானும் அப்பாவும் மட்டும். வெயிலில் ஐஸ் கண்ணெதிரே கரைந்துகொண்டிருந்தது. பிள்ளை வர ஏழு மணி ஆகும், அதற்குள் எல்லாம் கரைந்துவிட்டால் என்ன செய்வது, பிள்ளை வாங்கிக் கொடுத்த ஃப்ரிட்ஜ் சும்மாதானே இருக்கிறது, கொஞ்சத்தை எடுத்து உள்ளே வைத்தால் சாயங்காலத்துக்கு ஆகும் என்று நினைத்தேன். பழையதை நாளைக்கு ஆகும் என்று எடுத்து வைப்பதில்லையா, அதே கைதான். அவர் தலையை ஒரு கையால் தூக்கி, தலைமாட்டுத் துண்டை இந்தக் கையால் எடுத்து, குண்டானில் போட்டு ஐஸ் பெட்டியின் கடைசியில் தள்ளி வைத்தேன். தலையை மெதுவாகத்தான் இறக்கினேன். பிறகு யாரோ வந்து என்னைப் பிடித்து உட்காரவைத்தார்கள், அத்தோடு மறந்துவிட்டது. தலைமாட்டில் ஐஸ் இல்லாததால் முகம் மாறியது. முகம் மாறியதால் எடுத்தார்கள். உன் அப்பா முகத்தை நீ பார்க்காமல் செய்தது உன் அத்தை இல்லை, நான்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது. மணி பார்த்தேன், மூன்றே முக்கால். பயப்படாதே, நான் பயப்படவில்லை, மீதியையும் எழுதுகிறேன்.

அந்த வியாழக்கிழமை வேட்டி நனைந்து, பாளம் எல்லாம் கரைந்து வாசல்வரை தண்ணீர் ஓடியது. குண்டானில் இருந்தது மட்டும் அப்படியே இருந்தது. பகல் ஒரு மணிக்கு எடுத்து வைத்தது, சாயங்காலம் அடியில் கையை விட்டுப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. எனக்கு வேறொன்றும் தோன்றவில்லை. ஆப்பசோடா போட்டு உள்ளே முழுக்கத் துடைத்தேன், ரப்பரைத் துடைத்தேன், குண்டானை இருந்த இடத்திலேயே வைத்துப் பிளக்கைச் செருகினேன். ஓடவில்லை. தட்டினேன், ஓடவில்லை. ரிப்பேர் ஆகிவிட்டது என்று விட்டுவிட்டேன். ஏழு மணிக்கு அதுவாக ஓட ஆரம்பித்தது.

சனிக்கிழமை கல்லறைத் திருநாள். வருஷா வருஷம் நான் போவதற்குள் அருள்மேரி பல்லாவரத்திலிருந்து முதல் ரயிலில் வந்து அப்பா கல்லறையைக் கழுவி மெழுகுவத்தி ஏற்றிவிட்டுப் போய்விடுவாள். நான் போய் அவள் வத்தியை ஓரத்தில் தள்ளிவிட்டு என்னுடையதை நடுவில் வைப்பேன். இந்த வருஷம் அவளுக்கு முன்னால் போய் நின்றேன். துடைப்பமும் வாளியுமாக வந்தவள் என்னைப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணி, வத்தியை நவுத்தறதுக்கு இவ்ளோ சீக்கிரமா வந்துட்டியா" என்று கேட்டாள். மூன்றரை வருஷத்துக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு. குண்டான் கிடைத்துவிட்டது என்று சொன்னேன். எங்கே கிடைத்தது, யார் எடுத்தார்கள் என்று அவள் கேட்பாள் என்று நினைத்தேன். அவள் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "ஐஸு கீதா" என்று கேட்டாள்.

அவள் பார்த்திருக்கிறாள். அந்தப் புதன்கிழமை தண்ணீர் எடுக்க உள்ளே வந்தவள் நான் அவர் தலையைத் தூக்கி ஐஸை எடுப்பதைக் கதவோரம் நின்று பார்த்திருக்கிறாள். அன்றைக்கே ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்லியிருந்தா நீ அண்ணனோட அந்தக் குழியிலயே எறங்கியிருப்ப. பையன் வந்து கேட்டப்பகூட வாயை மூடிகினு இருந்தேன். அப்பால நீ என்னைக் குண்டான் திருடின்ன. சரி, இனி இது உன் வாயால வந்தாதான் வரணும், நானா சொல்ல மாட்டேன்னு உக்காந்துகினேன். எனக்கும் ரோசம் கீது அண்ணி" என்றாள். மன்னிப்பு என்ற வார்த்தை எனக்கு வராது, உனக்குத் தெரியும். அவள் மெழுகுவத்தியை நடுவில் வைத்தேன். என்னுடையதைப் பக்கத்தில் வைத்தேன். அவள் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கிருந்து நேரே என்னோடு வீட்டுக்கு வந்தாள். வாசலில் நின்ற பொன்னியம்மாளைப் பார்த்து, "குண்டான் திருடி வந்துகிறேன், உன் பாத்திரத்தெல்லாம் உள்ள எடுத்து வெச்சிக்கோம்மா" என்று சொல்லிவிட்டுத்தான் செருப்பைக் கழற்றினாள். உன் அத்தை நாக்கு மாறவில்லை. ஃப்ரிட்ஜைத் திறந்து குண்டானை எடுத்துக் கொடுத்தேன். மடியில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அந்தப் பள்ளத்தில் உள்ளங்கையை வைத்தாள். வைத்த கையை எடுக்காமல், "அண்ணி, சில்லுனு இல்லயே" என்றாள். நானும் வைத்தேன். இல்லை சந்தியாகு, சில்லென்று இல்லை. அப்பாவுக்குக் காய்ச்சல் விட்டபின் நான் தொட்டுப் பார்ப்பேனே, அப்படித்தான் இருந்தது. இரண்டு பேரும் கையை எடுக்கவில்லை. குண்டானில் ஈரமும் இல்லை.

அவளிடம் பேசிவிட்டேன், இனி ஃப்ரிட்ஜ் சரியாகிவிடும் என்றுதான் இருந்தேன். அன்றும் மூன்றே முக்காலுக்கு நின்றது. நான் எழுந்து தட்டினேன், தட்டாதே என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். உட்கார்ந்திருந்தோம். காபி போட்டேன், குடித்தாள். இருட்டியது, விளக்கைப் போட்டேன். ஏழு மணிக்கு அது உலுக்கிக்கொண்டு ஓட ஆரம்பித்ததும் அவள் என்னைப் பார்த்து, "அண்ணி, பையன் டாக்சில வந்து எறங்கின நேரம்" என்றாள். எனக்கு அதுவரை உறைக்கவில்லை. பெட்டி வாசலைத் தாண்டியதிலிருந்து நீ வந்து இறங்கியவரை. நாங்கள் காத்திருக்க வேண்டியிருந்து காத்திராமல் விட்டது அந்த மூன்றேகால் மணி நேரம்தான். அதற்குப்பின் தினமும் அப்படித்தான். அசரியா கதவு மாட்ட வந்தபோது முழுக்கக் கழற்றிப் பார்த்தான், ஒரு கோளாறும் இல்லை என்கிறான், அவனையும் மூன்றே முக்கால்வரை உட்காரச் சொன்னேன், நின்ற சத்தத்தைக் கேட்டுவிட்டு ஸ்பேனரைப் பொறுக்கிக்கொண்டு போய்விட்டான். பொன்னியம்மாள் தன் பாலை எடுத்துப் போய்விட்டாள். இட்லித் தட்டையும் கொண்டுவந்து வைத்துவிட்டாள், நான் கேட்கவே இல்லை.

ஆகையால் நீ வா. கிறிஸ்மஸுக்கு லீவு கேள், இல்லையென்றால் பொங்கலுக்கு. ஏர்போர்ட்டிலிருந்து வரும் வழியில்தான் பல்லாவரம், முதலில் அங்கே டாக்ஸியை நிறுத்தி இறங்கு, உன் அத்தை முகத்தைப் பார், நீ என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லித்தர மாட்டேன், அவளையும் ஏற்றிக்கொண்டு வா. அதற்கு முன்னால் அவளுக்கு ஒரு கடிதம் போடு, எனக்குப் போடும் கடிதத்தைக் குறைத்தாவது போடு. அவள் படிக்க மாட்டாள் என்று நினைக்காதே, நீ மூன்றாவது படிக்கும்போது எழுதிக்கொடுத்ததை இன்னும் பெட்டியில் வைத்திருக்கிறாள், என்னிடம் காட்டினாள். எனக்கு சென்ட் பாட்டில் எதுவும் கொண்டுவராதே, மருமகளையும் பேத்தியையும் கூட்டி வா. அப்பா முகத்தை என்னால் உனக்குத் திருப்பித் தர முடியாது. அவர் கடைசியாகத் தலை வைத்த இடத்தை நான் கரைய விடாமல் வைத்திருக்கிறேன். நீயும் கையை வைத்துப் பார்.

அங்கே குளிர்ந்த தண்ணீரை வெறும் வயிற்றில் குடிக்காதே, உனக்குத் தொண்டை ஆகாது. மருமகளிடம் மாதம் ஒருமுறை உங்கள் ஃப்ரிட்ஜை அணைத்துத் துடைக்கச் சொல், கத்தி கரண்டி எதுவும் வைக்க வேண்டாம் என்று சொல். நீ எந்த ப்ளேனில் வருவாயோ தெரியாது, எதில் வந்தாலும் மூன்றே முக்காலுக்கு முன்னால் வீட்டுக்குள் வந்துவிடு. இதை மட்டும் மறக்காதே. மாதாவும் அந்தோணியாரும் உன் குடும்பத்தைப் பாதுகாக்கட்டும், பேத்தி நெற்றியில் என் பேரால் ஒரு சிலுவை போட்டுவிடு.

முடிக்கலாம் என்று பேனாவை மூடினேன், ஏழு அடித்தது. உள்ளே செருமிக்கொண்டு ஓட ஆரம்பித்திருக்கிறது. இன்றைக்கும் நீ வரவில்லை என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு வந்து உறையை ஒட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
ச. ஞானம்மாள்